நகராத படகு

"எனக்கு மூணு நாள். அவளுக்கு ஏழு நாள். இது எந்த ஊர் நியாயம்?"

வந்தவள் உட்காரவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து கிளம்பியிருக்கிறாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்.

செக்கர் நாற்காலியைக் காட்டினார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தார். தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. எதிர் மேஜையில் இருந்தவள் கண்டக்டர். பயணிகளிடம் வாய் கொடுத்து வேலையை இழந்தவள். அவள் மேல் வந்த பதினேழு புகார்களையும் விசாரித்தவர் செக்கர்தான். பதினேழிலும் அவள் சொன்னது உண்மை என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் வேலை போயிற்று. இங்கே வந்து சேர்ந்தாள்.

"யாருக்கு ஏழு நாள்?" என்றார் செக்கர்.

"என் ஓரகத்திக்கு. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. அவ மாடியில இருக்கா, நான் கீழ."

"ஏழு நாள் என்னக்கா, ஜெயிலா?" என்றாள் கண்டக்டர்.

"கடலோர ரிசார்ட். ரெண்டு பேருக்கு. தங்க இடம், சாப்பாடு, எல்லாம் சும்மா. போன் நம்பர் குலுக்கல்ல அவளுக்கு விழுந்துச்சு. போயிட்டு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. முந்தாநாள் எனக்கும் விழுந்துச்சு. ஆனா மூணு நாள்தானாம்."

"அவங்களுக்கு எதுவும் கட்டணுமா?"

"வரி மட்டும். இன்னைக்கு நாலு மணிக்கு லிங்க் அனுப்புவாங்க. கட்டினதும் டிக்கெட்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே கால்.

"அக்கா, பரிசு குடுக்கறவன் எதுக்கு உங்ககிட்ட கை நீட்டறான்?"

"எனக்கும் தெரியும்மா. ஏமாறாதீங்க, ஏமாறாதீங்கன்னு போன்லயே தினம் சொல்றாங்க. பொய்யா இருந்தா அவ எப்படிப் போயிட்டு வந்தா?" தையல்காரி தன் போனை மேஜை மேல் வைத்தாள். "பாருங்க. அவ ஸ்டேட்டஸ்ல போட்டது. அறுபத்துமூணு போட்டோ. ஒண்ணு விடாம எடுத்து வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"பார்க்கறதுக்கு."

"பார்த்து?"

தையல்காரி போன் திரையைப் புடவையில் துடைத்தாள்.

"வயிறு எரியறதுக்கு சார்" என்றாள் கண்டக்டர்.

தையல்காரி இப்போதுதான் உட்கார்ந்தாள்.

"நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லணும். அவன்கிட்ட என்ன பேசி அவ ஏழு நாள் வாங்கினா? அதையே நானும் பேசி வாங்கிக்கறேன். நாலு மணிக்குள்ள."

"கட்டப் போறது எந்தப் பணம்?" என்றார் செக்கர்.

அவள் அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"ஜவுளிக்கடை மாடிப்படிக்குக் கீழ பதினொரு வருஷமா மெஷின் போட்டிருக்கேன். நிமிர்ந்தா தலை இடிக்கும். இப்ப சொந்தமா ஒரு கடை பார்த்திருக்கேன். அதுக்கு அட்வான்ஸ். நாளைக்குக் காலைல குடுக்கணும்."

"குடுக்கலைன்னா?"

"எனக்குப் பின்னாடி ஒருத்தர் வரிசைல நிக்கறார். அவருக்குப் போயிடும்." நாடா சுருண்டு முடிந்தது. "போகட்டும். கடை இன்னொண்ணு கிடைக்கும். அவ கடல் பார்த்துட்டு வந்து தினம் என் தலைக்கு மேல நடந்துட்டு இருக்கா. அதை எத்தனை நாள் கேட்டுட்டு இருக்கறது?"

செக்கர் போனை எடுத்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளினார். டிக்கெட்டைப் புரட்டுகிற அதே கட்டைவிரல், அதே நிதானம். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. கண்டக்டருக்கு அது ஒரு சாதனை.

"டிக்கெட் எடுக்காதவன் என்ன செய்வான்?" என்றார் கடைசியில்.

"தூங்கற மாதிரி நடிப்பான். இல்ல, ஜன்னல் வழியா ஆசையா வெளிய பார்ப்பான். வெளிய வெறும் சுவரா இருந்தாலும் பார்ப்பான்" என்றாள் கண்டக்டர்.

"இவங்க அறுபத்துமூணுலயும் ஜன்னலைத்தான் பார்த்துட்டு இருக்காங்க."

"கடல் தெரியுதே. பார்க்க மாட்டாளா?" என்றாள் தையல்காரி.

"கடலுக்குப் போய் ஏழு நாள் இருந்தவங்க காலை நனைக்கலையா? மணல்ல நின்னு ஒரு படம்கூட இல்ல. எல்லாமே ரூமுக்குள்ள."

"அவளுக்கு வெயில் ஆகாது. கறுத்துடுவாளாம். மகாராணி. போட்டோலயும் சரி, திரும்பி வந்தப்புறமும் சரி, இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டைதான். ஃபேஷனாம். அதைக்கூட என்கிட்டத் தைக்கக் குடுக்கல."

செக்கர் படத்தைப் பெரிதாக்கி அவள் பக்கம் திருப்பினார்.

"இது முதல் நாள். ஜன்னல்ல ஒரு வெள்ளைப் படகு தெரியுதா? திரைச்சீலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கு?"

"நாலு விரல்."

"இது மூணாம் நாள். இது ஏழாம் நாள்."

நாலு விரல். நாலு விரல்.

"நங்கூரம் போட்டிருப்பாங்க" என்றாள் தையல்காரி.

"அலைக்குமா?" என்றாள் கண்டக்டர்.

ஏழு நாளும் ஒரே அலை. ஒரே இடத்தில் எழும்பி, விழாமல் நின்றது.

"திரைச்சீலையோட கீழ் ஓரத்தைப் பாருங்க" என்றார் செக்கர். "நீங்க தையல்காரி. நீங்களே சொல்லுங்க."

அவள் குனிந்தாள். முகம் மாறியது.

"மடிச்சுத் தைக்கல. குண்டூசி குத்தி விட்டிருக்காங்க."

"இந்தப் படங்களை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க?"

"கணக்கில்ல."

"குண்டூசி கண்ணுல படல."

"நான் அவ டிரஸ்ஸைத்தான் பார்த்தேன்."

தையல்காரி எழுந்தாள். தோற்பதாக இல்லை.

"ஹோட்டல்காரன் சுவத்துல கடல் படம் ஒட்டியிருக்கலாம். திரையைக் குண்டூசில குத்தியிருக்கலாம். அதுக்காக அவ போகலைன்னு ஆயிடுமா? எனக்கு ஆதாரம் வேணும். மூணே முக்காலுக்கு என் மெஷின்கிட்ட வாங்க. வரலைன்னா நாலு மணிக்குக் கட்டிடுவேன்."

படங்களை செக்கரின் போனுக்கு அனுப்பிவிட்டு இறங்கிப் போனாள்.

கண்டக்டர் அந்தப் படத்தை வாங்கி விரல்களால் விரித்தாள். படகு பெரிதாயிற்று. பாயில் சிவப்புக் கோடு.

"சார், இந்தப் படகை எனக்குத் தெரியும்."

"எங்கே பார்த்தே?"

"பதினாலாம் நம்பர் வண்டியில. ஆறாவது ஸ்டாப். ஒரு நாளைக்குப் பதினொரு தடவை அது முன்னாடி நின்னு விசில் ஊதியிருக்கேன். எத்தனையோ நாள் அதுல ஏறிப் போயிடலாம்னு தோணும்."

*

ஆறாவது ஸ்டாப்புக்கு எதிரே ஒரு கட்டில், சோபா கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒரு படுக்கையறை ஜோடித்திருந்தார்கள். இரட்டைக் கட்டில், தலைமாட்டில் விளக்கு, பின்சுவரில் மரச்சட்டம் அடித்த பொய் ஜன்னல். ஜன்னலுக்குள் கடல். கடலில் படகு. குண்டூசி குத்திய திரை.

கண்டக்டர் நேராகப் போய்க் கட்டிலில் மல்லாந்தாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

சீருடை போட்ட பெண் ஓடிவந்தாள்.

"மேடம், படுக்கக் கூடாது. உட்கார்ந்து பார்க்கலாம்."

"படுக்காம கட்டில் எப்படிம்மா வாங்கறது? செருப்பைக் கையில போட்டுப் பார்த்தா வாங்கறோம்?"

செக்கர் தன் போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அதே கட்டில். அதே விளக்கு. கட்டிலில் சாய்ந்து ஜன்னலைப் பார்க்கும் ஓரகத்தி, அந்த வீட்டின் இளையவள்.

பெண் படத்தைப் பார்த்தாள். பிறகு மேலாளர் அறைப் பக்கம் பார்த்தாள்.

"நீங்க போலீஸா சார்?"

"இல்ல. படம் எடுத்தது நீங்கதானே?"

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு பேருக்கான பரிசு. படத்துல ஒருத்தர்தான் இருக்காங்க. இன்னொருத்தர் கையில கேமரா இருந்திருக்கணும்."

அவள் தலையணைகளை அடுக்குகிறமாதிரி குனிந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நாங்க ஒண்ணாப் படிச்சவங்க சார். அவ வீட்டுக்காரர் லாரியில வெளியூர் போயிருக்கார், மாசக்கணக்குல வரமாட்டார். அதனால துணைக்கு என்னைக் கூப்பிட்டா. நானும் லீவு போட்டேன். பஸ் நிலையத்துக்கு ரிசார்ட் வண்டி வரும்னு சொல்லியிருந்தான். பெட்டியோட நாலு மணி நேரம் நின்னோம். வண்டி வரல. போன் எடுக்கல."

"வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதானே?"

"அதைத்தான் நானும் சொன்னேன். 'தெருவுக்கே சொல்லிட்டுப் பெட்டியோட இறங்கினேன். இப்ப எந்த முகத்தோட ஏறுவேன்? கீழ அக்கா கதவைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருப்பா'ன்னு அழுதா. ஏழு நாளும் என் ரூம்லதான் இருந்தா சார். நான் லீவை ரத்து பண்ணிட்டு வேலைக்கு வந்துட்டேன். காலைல கடை திறக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி இங்க கூட்டிட்டு வருவேன். தினம் ஒரு டிரஸ்."

"நைட்டு ரூம்ல என்ன சாப்பாடு?" என்றாள் கண்டக்டர்.

"பிரெட்டு."

கண்டக்டர் கட்டிலிலிருந்து எழுந்து மெத்தையின் சுருக்கத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"அப்புறம் அவன் கூப்பிட்டானா?" என்றார் செக்கர்.

"போன வாரம் கூப்பிட்டான். பத்துப் பேர் நம்பர் குடுத்தா கட்டினது திரும்ப வரும்னானாம். குடுத்தியான்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டா."

வெளியே வந்ததும் கண்டக்டர் சொன்னாள்: "முடிஞ்சுது சார். தான் விழுந்த குழியில அக்காவையும் தள்ளிவிட்டிருக்கா. தனியா இருக்க போர் அடிச்சிருக்கும்."

"இருக்கலாம்."

"நீங்க இருக்கலாம்னா இல்லன்னு அர்த்தம்."

"மணி என்ன?"

"ரெண்டு நாற்பது."

*

இளையவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அவர்கள் போனபோது ஒரு சட்டத்தின் மூட்டில் மிகச் சின்னத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருந்தது.

"தூரப் பார்வையா, கிட்டப் பார்வையா சார்?"

"கடல் பார்வை" என்றாள் கண்டக்டர்.

செக்கர் போனைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

"இந்தப் படகு எப்ப கரைக்கு வரும்?"

திருகாணி கீழே விழுந்தது. இளையவள் தேடவில்லை.

"யார் சொன்னது? அக்காவா?"

"அவங்களுக்கு இன்னும் தெரியாது."

அவள் மூச்சு விட்டாள். நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"சொல்லிடாதீங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அவங்களும் இன்னைக்கு நாலு மணிக்குக் கட்டப் போறாங்க. அதே ஆளுக்கு."

இளையவள் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை.

"கட்டட்டுமே" என்றாள். "அவளும் ஏமாறட்டும். அப்ப என்னைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது இல்ல?"

"நீங்க எதெதுக்குக் கட்டினீங்க?"

"முதல்ல வரின்னான். அப்புறம் இன்சூரன்ஸ்னான். அப்புறம் டிக்கெட்டுக்கு முத்திரைன்னான். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னான்."

"அக்கா நம்பரை அவன்கிட்ட நீங்கதான் குடுத்தீங்களா?"

"கேட்டான். பத்து நம்பர் கேட்டான். முதல்ல அவ நம்பர்தான் வாய் வரைக்கும் வந்துச்சு. குடுக்கல."

"அக்கா மேல பாசமா?" என்றாள் கண்டக்டர்.

"இல்ல. அவளுக்கு மட்டும் நிஜமாவே பரிசு விழுந்துட்டா?"

செக்கர் குனிந்து தரையிலிருந்த திருகாணியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"முதல் தடவை கூப்பிட்டப்ப அவன் என்ன சொன்னான்? ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? 'மகாராணி மேடமா பேசறது?'ன்னான். என் பேரு அது இல்ல சார். ஆனா என்னை யாரும் அப்படி மரியாதையாக் கூப்பிட்டதில்ல. ஆமான்னுட்டேன். அங்கேயே பாதி நம்பிட்டேன்."

கண்டக்டர் செக்கரைப் பார்த்தாள். செக்கர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்ககூட வாங்க. அக்காகிட்ட நேர்ல சொல்லுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க."

"அவ முன்னாடி நின்னு நான் ஏமாந்தேன்னு சொல்றதா? செத்தாலும் மாட்டேன்."

"நீங்க வரலைன்னா அவங்க கடை போயிடும்."

"எந்தக் கடை?"

"சொந்தமாத் தையல் கடை. நாளைக்குக் காலைல அட்வான்ஸ் குடுக்கணும். அந்தப் பணத்தைத்தான் கட்டப் போறாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றாள் இளையவள். திருகாணியை எடுத்து மூட்டில் வைத்தாள். முடுக்கி முடித்தாள். சட்டத்தை மடித்துப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். பெட்டியில் வைத்து மூடினாள்.

"அரை நாள் லீவு சொல்லிட்டு வர்றேன்."

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டாள்: "மாட்டேன்னு சொல்லிட்டு ஏன் வந்தீங்க?"

இளையவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள்.

"அவ வீடு கீழ, தண்ணி நல்லா வரும். அவ புருஷன் தினம் வீட்டுக்கு வர்றார். அவ கையெழுத்துகூட அழகா இருக்கும். எல்லாத்துக்கும் எனக்குப் பொறாமைதான். ஆனா அந்தப் படிக்குக் கீழ அவ குனிஞ்சு உட்கார்ந்திருக்கறதைப் பார்த்து ஒரு நாளும் பொறாமைப்பட்டதில்ல."

*

மூன்று நாற்பத்திரண்டு.

ஜவுளிக்கடை மாடிப்படி. படிகளில் ஆட்கள் ஏறி இறங்க, கீழே தூசி உதிர்ந்தது. தையல்காரி ஒரு பேன்ட்டின் காலை உயர்த்தித் தைத்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தியைக் கண்டதும் மெஷின் நின்றது.

"இவ எதுக்கு இங்க?"

"நான் போகலக்கா" என்றாள் இளையவள். ஒரே மூச்சில் சொன்னாள். "கடலும் பார்க்கல, ரிசார்ட்டும் பார்க்கல. அது கட்டில் கடை. அவன் என்னை ஏமாத்திட்டான். நீ கட்டாதே."

தையல்காரி அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நல்லா இருக்குடி. நான் போயிடக் கூடாதுன்னு என்னமாக் கதை கட்டறே!"

"சத்தியமாக்கா!"

"நீ ஏழு நாள் போயிட்டு வருவே. நான் மூணு நாள் போறது உனக்குப் பொறுக்கல. இவங்களையும் கைக்குள்ள போட்டுக்கிட்டே."

"அந்தக் கட்டில்ல நானே படுத்துப் பார்த்தேன்க்கா" என்றாள் கண்டக்டர். "முதுகுக்கு அவ்வளவு சரியில்ல."

"நீ சும்மா இரும்மா."

செக்கர் கையை நீட்டினார்.

"உங்க போனைக் குடுங்க."

அவள் தயங்கினாள். கொடுத்தாள். செக்கர் அழைப்புப் பட்டியலைத் திறந்தார்.

"முந்தாநாள் குலுக்கல்ல விழுந்துச்சுன்னு சொன்னீங்க. அவங்க கூப்பிடல. நீங்கதான் கூப்பிட்டிருக்கீங்க. ஒன்பது தடவை."

தையல்காரி பேன்ட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"அவன் உங்களைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. ஒன்றரை மாசம் முன்னாடி. நாலு நிமிஷம் பேசியிருக்கீங்க. அன்னைக்கேதான் முதல் போன் வந்துச்சுன்னு இவங்க பஸ்ல சொன்னாங்க." இளையவள் பக்கம் திரும்பினார். "உங்களை அவன் எப்படிக் கூப்பிட்டான்?"

"மகாராணி மேடம்னு."

செக்கர் தையல்காரியின் போனில் தொடர்புப் பட்டியலைத் தள்ளினார். ஒரு பெயரில் நிறுத்தி, இருவருக்கும் நடுவில் பிடித்தார். மகாராணி. கீழே இளையவளின் எண்.

"இப்படி எழுதி வெச்சதை அப்படியே அவனுக்கு அனுப்பியிருக்கீங்க. அவன் அதுதான் பேருன்னு நினைச்சுட்டான்."

மேலே படியில் யாரோ தடதடவென்று இறங்கிப் போனார்கள்.

"நீயாக்கா?" என்றாள் இளையவள்.

தையல்காரி அவளைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துப் பேசினாள்.

"முதல் வாக்கியத்துலயே திருட்டுப் பயன்னு தெரிஞ்சுது. போனை வெக்கற நேரத்துல ஒண்ணு தோணுச்சு. என்னைவிட அதிர்ஷ்டக்காரி ஒருத்தி இருக்கா, அவளுக்குப் பேசுன்னு குடுத்தேன். நீ ரெண்டு நாள் ஆட்டம் போடுவே, அப்புறம் அசடு வழியும், நான் சிரிக்கலாம்னு நினைச்சேன். கட்டறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ பெட்டி வாங்கினே. அதுவும் சக்கரம் வெச்சது. அதைப் பார்த்ததும் சொல்ல மனசு வரல." குரல் இறங்கியது. "அப்புறம் போட்டோ வந்துச்சு. முதல் நாள், ரெண்டாம் நாள், ஏழாம் நாள். நிஜம்தான் போலிருக்கு, எனக்கு வந்ததை என் கையாலேயே தூக்கி இவளுக்குக் குடுத்துட்டேனேன்னு தூக்கமே போச்சு. அவனுக்குக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். பிச்சை போடற மாதிரி மூணு நாள் குடுத்தான்."

மூன்று ஐம்பத்தாறு.

"இப்பவாவது நம்பறீங்களா?" என்றார் செக்கர்.

தையல்காரி ஓரகத்தியைப் பார்த்தாள். வெட்கம் இருந்தது. அதற்கு அடியில் அந்தச் சந்தேகம் இன்னும் இருந்தது.

"என்னைப் பழிவாங்கத்தான் போகலைன்னு சொல்றியா? நிஜமா நீ கடல் பார்க்கல?"

இளையவள் வலது மணிக்கட்டின் பொத்தானைக் கழற்றினாள். இடது பொத்தானைக் கழற்றினாள். இரண்டு கைகளையும் முழங்கை வரை சுருட்டி நீட்டினாள்.

வெறும் கை. வளையல் இருந்த இடத்தில் வெளிறிய வட்டம்.

அந்த வளையல்களை மாமியார் எட்டு வருஷத்துக்கு முன் மூத்தவளைத் தாண்டிப்போய் இளையவள் கையில் போட்டார். அன்றிலிருந்து ஒரு நாளும் அந்த வீட்டில் அவற்றைப் பற்றிப் பேச்சு இல்லை. தையல்காரியின் கண்ணும் ஒரு நாளும் அவற்றை விட்டு விலகியதில்லை.

"அதை வித்தியா?" என்றாள்.

"வரிக்கு ஒண்ணு. மீதிக்கு ஒண்ணு."

"நீயா? அதையா?"

"அடுத்த வாரம் அவர் வர்றார். என்ன சொல்றதுன்னே தெரியலக்கா."

தையல்காரி அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுபத்துமூன்று படம் சொல்லாததை அந்த வெளிறிய வட்டம் சொல்லிவிட்டது.

போன் அடித்தது. நான்கு மணி. அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"வாழ்த்துக்கள் மேடம்!" தேன் குரல். "உங்க லிங்க் ரெடி. கட்டினதும் உங்க பயணம் உறுதி!"

"ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்றாள் தையல்காரி.

"கடலைப் பார்த்த ஜன்னல் மேடம்."

"படகு தெரியுமா?"

"தாராளமாத் தெரியும் மேடம்."

"அது நகருமா?"

"என்ன மேடம் கேக்கறீங்க?"

"ரெண்டு வளையல் வாங்கினியேடா" என்றாள். "அது யாரோட வளையல்னு உனக்குத் தெரியுமா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"நம்பரை அழிச்சுடாதீங்க. போலீஸ்ல குடுக்கணும், ரெண்டு பேரும் இன்னைக்கே எழுதிக் குடுங்க" என்றார் செக்கர். பிறகு இளையவளிடம் திரும்பினார். "உங்க போட்டோவைப் பார்த்துட்டு வேற யாராவது அந்த நம்பர் கேட்டாங்களா?"

இளையவள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"மூணு பேர். மருந்துக்கடை அக்கா. ஸ்கூல் வேன் டிரைவரோட சம்சாரம். எங்க மேனேஜர்."

"குடுத்தீங்களா?"

"குடுக்கலைன்னா சந்தேகப்படுவாங்களேன்னு குடுத்துட்டேன்."

"அடிப்பாவி" என்றாள் கண்டக்டர். "சம்பளமே வாங்காம அவன்கிட்ட வேலை பார்த்திருக்கே."

"மூணு பேருக்கும் போன் பண்ணுங்க. அது போதாது. கேக்காம பார்த்தவங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியாது" என்றார் செக்கர். "படம் போட்ட இடத்துலேயே உண்மையையும் போட்டாகணும்."

மூன்று பேருக்கும் பேசினாள். மேனேஜர் நாளைக்குக் கட்டுவதாக இருந்தார். வேன் டிரைவரின் மனைவி வீட்டில் கட்டுவதா வேண்டாமா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. மருந்துக்கடை அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காலைலதான் வரி கட்டினேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இளையவள் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படியின் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து, அதன் முன் நின்றாள்.

"எல்லாரும் சிரிப்பாங்கக்கா."

"சிரிப்பாங்கதான்."

தையல்காரி எழுந்தாள். பழக்கத்தில் தலை குனிந்தபடியே படியடியிலிருந்து வெளியே வந்தாள். வந்து ஓரகத்தியின் பக்கத்தில் நின்றாள்.

"நகரு."

"நீ எதுக்கு?"

"நீ ஏமாந்ததை நீ சொல்லு. உன் நம்பரை அவனுக்குக் குடுத்தது யாருன்னு நான் சொல்றேன்."

"உன் புருஷன் பார்ப்பார்."

"என் மாமியாரும் பார்ப்பாங்க."

கண்டக்டர் பொத்தானை அழுத்தினாள். இரண்டு நிமிடம் பதினெட்டு விநாடி. நடுவில் ஒரு முறை இருவரும் சண்டை போட்டார்கள். அதை வெட்ட வேண்டாம் என்றார் செக்கர்.

வீடியோ போயிற்று. முதல் ஆள் பார்த்தார். பிறகு நான்கு பேர். பிறகு இருபது. படிக்கு அடியில் இரண்டு பெண்களும் ஒரு துணிப்பெட்டி மேல் உட்கார்ந்து, தோள் இடிக்க, எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செக்கரும் கண்டக்டரும் கிளம்பினார்கள்.

"கட்டணம் கேக்கலையே சார்?" என்றாள் கண்டக்டர்.

"நாளைக்குக் கேட்கலாம். முதல்ல அட்வான்ஸ் குடுக்கட்டும்."

பின்னால் பேச்சு கேட்டது.

"கடை எங்கேக்கா?"

"மார்க்கெட் திருப்பத்துல. மூலைக் கடை."

"நிமிர்ந்து நிக்கலாமா?"

"கையைத் தூக்கினாலும் இடிக்காது. ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல் வேற இருக்கு."

இளையவள் போனிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஜன்னல் எவ்வளவு பெரிசு?" என்றாள்.